பள்ளிக்கூடத்துக்குள்ளும் ஒரு ஊர்த்தெரு

"இரு பிரிவு மாணவர்களிடையே மோதல்" என்று செய்தித்தாள் எழுதுகிறது. "முன்விரோதம்" என்று போலீஸ் எழுதுகிறது. "பசங்க ஏதோ வயசுக் கோளாறுல அடிச்சுக்கிட்டாங்க" என்று தலைமை ஆசிரியர் சொல்கிறார். மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசினாலும் ஒளித்து வைப்பது சாதி என்கிற ஒரே சொல்லைத்தான். பள்ளிக்கூட வன்முறை பற்றிப் பேச உட்கார்ந்தால் இந்த ஒளிப்பு வேலையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், தோழர்களே.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ராத்திரி நடந்ததை எடுத்துக்கொள்வோம். வள்ளியூரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயது தலித் மாணவன். கூடப் படித்த இடைநிலைச் சாதிப் பையன்கள் அவனை வேலை ஏவினார்கள். அதை வாங்கிட்டு வா, இதை வாங்கிட்டு வா. அப்பன் பாட்டன் காலத்தில் பண்ணையில் நடந்த அதே ஏவல், இப்போது சீருடை போட்டுக்கொண்டு. பையன் தாங்க முடியாமல் சில நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டபோது நடந்ததை எழுதிக் கொடுத்தான். அன்றைக்கு ராத்திரியே அரிவாளோடு வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. ரத்தத்தைப் பார்த்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்து செத்தே போனார்.

இதில் "மோதல்" எங்கே இருக்கிறது? மோதல் என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டும். இந்தப் பையன் ஓங்கியது பேனாவை. அவர்களுக்கு ஆத்திரம் வந்ததும் அவன் எழுதிக் கொடுத்ததால்தான். ஏவின வேலையைச் செய்யாதது ஒரு குற்றம், அதைக் காகிதத்தில் ஏற்றியது அதைவிடப் பெரிய குற்றம். இந்தக் கணக்கு பதினேழு வயசுப் பையன்கள் தாங்களாகப் போட்ட கணக்கு இல்லை. ஊர்த்தெரு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய கணக்கு.

நாங்குநேரி தெற்கே எங்கேயோ கிடக்கிறது, திருநெல்வேலிச் சீமைன்னாலே அப்படித்தான் என்று எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் பேசுகிறவர்கள் உண்டு. படித்தவர்களே பேசுகிறார்கள். அவர்களுக்கு இறையூர் வேங்கைவயல் ஞாபகத்தில் இல்லையா? 2022 டிசம்பரில் அந்தத் தெருவில் முதலில் சீக்காய் விழுந்தது குழந்தைகள்தான். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. தண்ணீரைப் பாருங்கள் என்று வைத்தியர்கள் சொன்ன பிறகுதான் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். டிசம்பர் 26. உள்ளே மலம். மறுநாள் மாவட்ட ஆட்சியர் போனபோது அய்யனார் கோயிலுக்குள் தலித்துகளை விடாததும், டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் சேர்ந்தே வெளியே வந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, பாதிக்கப்பட்ட அதே தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மீது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். அந்த வழக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே நான் கேட்பது வேறு. டி.என்.ஏ. சோதனை, ரத்தப் பரிசோதனை, வாசலில் போலீஸ், தெருமுனையில் தொலைக்காட்சிக் கேமரா என்று மூன்றாவது வகுப்பிலும் நான்காவது வகுப்பிலும் வளர்ந்த பிள்ளை, தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் உட்காரும்? பக்கத்தில் இருப்பவன் "ஏய், நீ அந்த ஊர்தானே" என்று கேட்டால் என்ன பதில் சொல்லும்? அரிவாள் இல்லாமலே வெட்டு விழுகிற இடம் அது.

இது இன்றைக்கு நேற்றைக்கு ஆரம்பித்ததும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் பள்ளிக்கூடத்துக்குக் கோணிச் சாக்கைச் சுமந்து போய் அதன் மேல் உட்கார்ந்தார். பியூன் வந்து தூக்கி ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத அன்றைக்கு அதுவும் கிடையாது. நம்ம ரெட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படிக்கும்போது, எந்தச் சாதி என்று தெரிந்துவிடுமோ என்று கூடப் படிக்கிற பையன்களோடு விளையாடாமலே வீட்டுக்கு ஓடியிருக்கிறார். சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் 1995-இல் ஒரு தலித் சிறுமி, சாதி இந்துப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள் என்பதற்காக வாத்தியார் அடித்ததில் ஒரு கண்ணே போயிற்று. 2022-இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரை தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கக்கூஸ் கழுவ விட்டிருக்கிறார் தலைமை ஆசிரியை. அதில் ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து, அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது. வழக்கு போட்டார்கள், கைதும் செய்தார்கள். ஆனால் அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் வீட்டில் சொல்லவில்லை பாருங்கள், எனக்கு உறுத்துவது அதுதான். ஏன் சொல்லவில்லை? சொன்னால் அம்மா அழுவாள், அப்பா கூலி விட்டுட்டுப் பள்ளிக்கூடம் வரணும், வந்தாலும் கைகட்டி நிக்கணும். எட்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும்.

நாங்கள் சில தோழர்கள் சேர்ந்து எங்கள் பகுதிச் சேரிகளில் மாலை வகுப்பு நடத்துகிறோம். புத்தகம் வாங்கக் காசு இல்லாவிட்டாலும் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவோம். பாடத்தைவிட அங்கே பேச்சுதான் அதிகம். பிள்ளைகளிடம் "ஸ்கூல்ல உங்களை யாராச்சும் அடிச்சாங்களா" என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். "இன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்க" என்று கேட்டுப் பாருங்கள், கொட்டும். தண்ணி தூக்கினேன், பெஞ்சு தூக்கினேன், டீ வாங்கப் போனேன், குப்பை அள்ளினேன். யார் யாரெல்லாம் போனீங்க என்று பெயர் கேட்டு எழுதினால், பத்துப் பெயரில் ஒன்பது நம்ம தெருவாக இருக்கும். ஊர்த்தெருப் பிள்ளைகளை வாத்தியார் ஏவுவதில்லையா என்றால் ஏவுகிறார், "தம்பி, ஆபீஸ்ல ரிஜிஸ்டரை வாங்கிட்டு வாப்பா" என்று. ரிஜிஸ்டர் ஒரு கைக்கு, விளக்குமாறு ஒரு கைக்கு.

இன்னொன்று உதவித்தொகை. வகுப்பு நடக்கும்போது ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்கிறார்கள். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் பன்னிரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள், மிச்சம் இருபத்தெட்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு யார் எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அரசாங்கம் உரிமையாகக் கொடுக்கிற காசை வாத்தியார் பிச்சை போடுகிற தோரணையில் அறிவிக்கிறார். நானும் அப்படி எழுந்து நின்றவன்தான். எங்கள் வாத்தியார் அந்தத் தாளைப் படிக்கும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பார். முப்பது வருசம் ஆகியும் அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. இதையெல்லாம் "வன்முறை" என்று எழுதினால் மிகைப்படுத்துகிறாய் என்பார்கள் சில முற்போக்கு நண்பர்கள். அவர்கள் ஒருநாளும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள்.

இதன் விளைவு என்ன? உளவியல் படித்தவர்கள் பெரிய பெரிய சொல் சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் பக்கம் போகப் பயந்து பகல் முழுக்கத் தண்ணியே குடிக்காத வயசுக்கு வந்த பொம்பளைப் பிள்ளை. நேற்று வரைக்கும் கணக்கில் கெட்டியாக இருந்தவன் ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று கடைசிப் பெஞ்சுக்குப் போய், அப்புறம் வாசலுக்குப் போய், அப்புறம் திருப்பூருக்குப் போய்விடுகிறான். இடைநிற்றல் கணக்கெடுக்க வருகிறவர்கள் "குடும்ப வறுமை" என்று ஒரு வார்த்தையை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வறுமை உண்மைதான். ஆனால் அதே வறுமையில்தான் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒழுங்காக வந்தான். ஒன்பதில் என்ன நடந்தது என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

வெட்டுப்பட்ட அந்த நாங்குநேரிப் பையன் மருத்துவமனையில் கிடந்து, எழும்பி வந்து, 2024 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். எல்லாரும் பாராட்டினார்கள், நாமும் பாராட்டினோம். ஆனால் நம்ம பிள்ளை தேறினான் என்று காட்ட அவன் உடம்பில் இத்தனை தையல் இருக்க வேண்டுமா? சாதாரணமாகப் படித்து, சாதாரணமாக 300 மார்க் எடுத்து, சாதாரணமாகப் பாஸ் ஆகிற உரிமை சேரிப் பிள்ளைக்கு எப்போது வரும்?

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூன் 18-இல் அறிக்கை கொடுத்தார், 600 பக்கத்துக்கு மேலே. சென்னை மாநகராட்சி மன்றத்தில் பா.ஜ.க. உறுப்பினர் ஒருவர் அதன் நகலைக் கிழித்துப் போட்டார். கிழித்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. நம்ம ஆட்களில் எத்தனை பேர் படித்தோம்? வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் வைத்துப் பேசக் கூடாது என்று அதில் இருக்கிறது. மேலே நான் புலம்பினேனே, அது அறிக்கையிலேயே ஏறியிருக்கிறது. ஒரு பகுதியில் எந்தச் சாதி ஆதிக்கமோ அதே சாதிக்காரரை அங்கே தலைமை ஆசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக் கூடாது, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும் என்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அறிக்கையின் உயிர்நாடி இதுதான். சொந்த ஊரில், சொந்தச் சாதிச் சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டு, இருபது வருசம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வாத்தியாரை வைத்துக்கொண்டு நீ எத்தனை நீதிபோதனை வகுப்பு நடத்தினாலும் அதை நடத்தப் போவதும் அவர்தானே!

கயிறு விவகாரம் இருக்கிறது. கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. நிறத்தைப் பார்த்தால் சாதி தெரியும், யார் யாரோடு சேரலாம் என்று தெரியும், விளையாட்டு அணியில் யாரை எடுக்கலாம் என்றுகூடத் தெரியும். பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் இதைக் கண்டு சொல்லப் போய், 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். எச். ராஜா அது இந்து விரோதம் என்று குதித்தார். அன்றைய அமைச்சர் செங்கோட்டையன் தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை, பழைய நடைமுறையே தொடரும் என்று பின்வாங்கினார். மூன்று வருசம் கழித்து, 2022 ஏப்ரலில் திருநெல்வேலி மாவட்டம் பள்ளக்கால் பொதுக்குடியில் கயிற்றைப் பற்றி எழுந்த தகராறில் ஒரு பிளஸ் டூ மாணவன் அடிபட்டுச் செத்தான். செத்தது எந்தச் சாதிப் பிள்ளை என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை.

இங்கே நம்ம தோழர்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "நம்ம பசங்களும்தான் நீலமும் சிவப்புமாக் கட்டுறான். அவன் கட்டுறது ஆதிக்கம், இவன் கட்டுறது எதிர்ப்பு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கலாமா?" நியாயமான கேள்வி. ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அடிக்க ஓங்கிய கையும் தடுக்கத் தூக்கிய கையும் ஒன்றல்ல. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் கயிறு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அது இடத்தைப் பிரிக்கிறது. இந்த மரத்தடி எங்களுக்கு, அந்தக் குழாயடி உங்களுக்கு. நம்ம பையனும் கட்டிக்கொண்டால் அந்தப் பிரிவினையை நாமும் ஒத்துக்கொண்டதாகத்தான் ஆகிறது. ஊரும் சேரியுமாக நாட்டைப் பிரித்தவன் பள்ளிக்கூடத்தையும் பிரித்துவிட்டுப் போக, நாம் நம்ம பங்குக்கு வேலி கட்டிக் கொடுப்பதா? அதுவும் அம்பேத்கரின் பேரால்? மைதானம் முழுக்க, குழாய் முழுக்க, மரத்தடி முழுக்க நமக்கும் உரிமை என்பதுதான் மகத் குளத்தில் 1927-இல் அவர் இறங்கிக் கேட்டது. அதனால் கயிற்றைக் கழற்றச் சொல்லும்போது நம்ம பிள்ளைகளிடமும் கழற்றச் சொல்கிறேன். சட்டைப் பையில் படம் வைத்துக்கொள், புத்தகம் வைத்துக்கொள், கையில் கயிறு வேண்டாம். இதில் என்னோடு சண்டை போட நினைக்கிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

சாதி அடையாளம் தெரிகிற மாதிரி சைக்கிளுக்கு வண்ணம் அடித்து வருவதையும் சந்துரு அறிக்கை தடுக்கச் சொல்கிறது. படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. புதுக்கோட்டைக்காரனுக்குச் சைக்கிள் என்றால் வேறு அர்த்தம். 1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார், ஆயிரக்கணக்கில் பொம்பளைங்க சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் சல்லி உடைத்த நம்ம அக்கா, சின்னம்மாக்களும் பழகினார்கள். எங்கள் தெருவில் முதல்முதலாகச் சைக்கிளில் ஊர்த்தெரு வழியாகப் போனது ஒரு அறிவொளித் தொண்டர் அக்காதான். "இறங்கித் தள்ளிட்டுப் போ" என்று அதட்டினவனுக்கு மணி அடித்துவிட்டுப் போனாள். ஒரு சாதிக்காரியும் இன்னொரு சாதிக்காரியும் ஒரே வாடகைச் சைக்கிளில் பழகிய மாவட்டம் இது. அதற்குப் பிறகு அரசாங்கமே மாணவர்களுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது, முதலில் நம்ம பொம்பளைப் பிள்ளைகளுக்கு, அப்புறம் எல்லாருக்கும். அந்தச் சைக்கிளுக்கா சாதிச் சாயம் அடிக்கிறான்!

ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயரையெல்லாம் எடுத்துவிட்டு அரசுப் பள்ளி என்று மட்டும் வைக்கச் சொல்கிறார்கள். பெயர் போகட்டும். ஆனால் பெயரோடு சேர்ந்து நிதியும், நம்ம தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டடமும் போய்விடக் கூடாது. 2025-இல் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியபோதும் நான் இதையேதான் சொன்னேன், பலகை புதுசு, கக்கூஸ் கதவு எப்போ?

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் "மாணவர்களுக்குக் கவுன்சிலிங்" என்று ஒரு அறிவிப்பு வருகிறது. கவுன்சிலிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. வெட்டியவனுக்குப் பதினேழு வயசு. அவனைப் பெரிய ஜெயிலில் போடு என்று கேட்கிற ஆள் நான் இல்லை, சிறுவர்களுக்கான சட்டம் சிறுவர்களுக்குத்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்கு அரிவாளை எட்டுகிற உயரத்தில் வைத்தவன், குருபூஜைக்கு வண்டி வைத்துக் கூட்டிப் போனவன், "நம்ம ஆளுகடா" என்று செல்போனில் பாட்டு அனுப்பினவன் எல்லாம் வயசுக்கு வந்தவன்கள்தான். வழக்கில் அவன்களில் யார் பெயராவது வருகிறதா? அந்தப் பையனும் ஏழை வீட்டுப் பையன்தான், அவன் அப்பாவும் கூலிதான். சாதி அவனுக்குக் கொடுத்த ஒரே சொத்து இன்னொருத்தனை ஏவுகிற உரிமை. அதையும் பறிகொடுத்தால் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோகும், அதைத்தான் அவன் தாங்க மாட்டேன் என்கிறான். அவனிடம் இதைப் பேச வேண்டியது அவன் சாதியில் இருக்கிற முற்போக்காளர்கள். நம்மிடம் வந்து ஒற்றுமை பற்றி வகுப்பு எடுக்கிற நேரத்தில் பாதியை அங்கே செலவழிக்கலாம்.

நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மாணவத் தோழர்கள் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையை அடிப்பதும் மனசை நோகடிப்பதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் தடை. ஊரறியச் சாதி சொல்லித் திட்டுவது, இழிவுபடுத்துவது வன்கொடுமைச் சட்டத்தில் 3(1) பிரிவில் குற்றம், அதற்கு முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. 1098, 14417 என்ற இரண்டு எண்களையும் நம்ம பிள்ளைகளின் நோட்டு அட்டையில் எழுதிக் கொடுங்கள். ஆனால் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். நாங்குநேரியில் அவன் எழுதித்தான் கொடுத்தான். எழுதிக் கொடுத்தவனை யார் வீடு வரை கொண்டுபோய் விட்டார்கள்? ஒரு பிள்ளை புகார் கொடுத்தால் அன்றைக்கே நாலு பேர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், ராத்திரி அங்கே இருக்க வேண்டும், காவல் நிலையத்தில் எழுத்தில் தகவல் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், மறுநாள் பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரை நடந்து போக வேண்டும். எங்கள் பகுதியில் இரண்டு தடவை இப்படிச் செய்தோம். பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை, போஸ்டர் அடிக்கவில்லை. நாலு பேர் வாசலில் நின்றோம், அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நம்மைப் போன்ற நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம். பெரும்பாலான ஊர்களில் கூட்டம் நடப்பதே நமக்குத் தெரிவதில்லை, கையெழுத்து நோட்டு வீட்டுக்கு வருகிறது, "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்கிறார்கள், நம்ம தாய்மார்களும் போட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று இப்போதே உங்கள் ஊர்ப் பள்ளியில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாமல் நாலு தாய்மாரைக் கூட்டிப் போங்கள். கேட்க வேண்டியது மூன்று விஷயம்: பெருக்குகிற முறைப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் எத்தனை, உதவித்தொகைப் பட்டியலை எங்கே வைத்துப் படிக்கிறீர்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.